பழக்கன்றோடு டொலமைட்டும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்ட மக்களுக்கு வீட்டுத்தோட்டம் போடப் பழக்கன்று கொடுக்கும் செய்திகளைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் கொடுத்த கன்று என்ன ஆனது என்று யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை, பட்டுப்போனால் 'தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க' என்று எங்கள் சனத்தின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறார்கள். ஹட்டன் பக்கம் பெய்கிற மழைக்குத் தண்ணீர் இல்லாமலா கன்று சாகும்?

எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால், பழைய தேயிலை பிடுங்கிய இடத்தில் வைத்த கொய்யாக் கன்று ஒன்று குன்றிப்போய் நின்றது, தோண்டிப் பார்த்தோம். பையில் இருந்த மண் உருண்டை அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டி எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு வேரும் நுனி தடித்து, பழுப்பேறி, மொட்டையாக நின்றுவிட்டது, சல்லிவேர் என்று ஒன்றுகூட இல்லை.

அலுமினியம் தாக்கிய வேர் இப்படித்தான் இருக்கும். அலுமினியம் எல்லா மண்ணிலும் களியோடு களியாகக் கிடப்பதுதான், ஆனால் மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே இறங்க இறங்கக் கரைந்து வெளியே வந்து முதலில் வேர் நுனியைத்தான் பிடிக்கும், வேர் நீளாமல் நின்றுவிடும். அப்புறம் பொஸ்பரசு, கல்சியம், மெக்னீசியம் எதையும் கன்றால் சரியாக எடுக்க முடியாது, எவ்வளவு உரம் போட்டாலும் இலை சிறுத்தே நிற்கும். தேயிலைக்கோ பிஎச் 4.5 முதல் 5.5 வரையான மண்தான் தோது, அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிற செடி அது. தலைமுறை தலைமுறையாக அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் போட்டுப் புளிப்பேறி, மழையும் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போன மண்ணில் கொய்யாவை, அதுவும் பிஞ்சுக் கன்றை, சும்மா நட்டால் எப்படி வரும்?

தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் (தறிக்கும்) மலைக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைப் போடுகிறார்கள், நமக்குத் தெரியாத சாமான் இல்லை. கன்று நடுவதற்குச் சில மாதம் முன்பே அதை மண்ணில் கலந்து, மாட்டெருவும் சேர்த்தால் அலுமினியம் அடங்கும். குழிக்குள் மட்டும் போட்டால் போதாது, வேர் குழி ஓரத்தில் முட்டி நின்றுவிடும், சுற்றியுள்ள மண்ணையும் அகலமாகக் கொத்திக் கலக்க வேண்டும்.

கன்று கொடுப்பவர்கள் முதலில் அந்த இடத்து மண்ணின் பிஎச்சை அளந்து பாருங்கள். டொலமைட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கன்றை அடுத்த மழைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தோட்ட வாசகர் ஒருவர்,
ஹட்டன்