உன் மாட்யூலை நீக்குகிறோம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

முடிவாகிவிட்டது. உன் முனைவர் பட்ட தீசிஸுக்காக எழுதி, நம் பைத்தான் லைப்ரரிக்குள் நீ சேர்த்த மாட்யூலைத்தான் சொல்கிறேன், வலைப்பின்னலில் நெருங்கிய கூட்டங்களை (சமூகங்களை)க் கண்டுபிடிக்குமே அது. அடுத்த வெளியீட்டிலிருந்து அதை யார் இம்போர்ட் செய்தாலும் 'விரைவில் நீக்கப்படும்' என்ற டெப்ரிகேஷன் எச்சரிக்கை வரும். இரண்டு வெளியீடுகள் அப்படியே போகும். அதன்பிறகு லைப்ரரியின் மெயின் பிராஞ்சில் அது இருக்காது. கிட்ஹப்பில் வரப்போகும் நாலு வரி அறிவிப்பைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். தீசிஸ் கோடோடு வந்து நிற்கும் வேறு பிள்ளைகளுக்கும் இதில் பதில் இருக்கிறது, அதனால் பொதுவில் எழுதுகிறேன். உன் கைடு பற்றியோ துறை பற்றியோ இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

அல்காரிதம் தப்பு என்று நீக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாம் சார்ந்திருக்கும் நம்பை (NumPy, பைத்தானின் எண்கணித லைப்ரரி) 1.24இல் 'என்பி.ஃப்ளோட்' என்ற பழைய பெயரை நீக்கியபோது யாரோ ஒருவர் உன் மாட்யூலைத் திருத்தினார். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. பழைய பைனரி லோடாகவில்லை என்று மறுபடி கம்பைல் செய்தால், விண்டோஸில் மட்டும் விழுந்தது. அங்கே நம்பையின் டிஃபால்ட் இன்டிஜர் 32 பிட்டிலிருந்து 64 ஆகிவிட்டது. நீ சைத்தன் (பைத்தானை சி மொழிக்கு மாற்றி வேகமாக்கும் கருவி) லூப்பில் 'லாங்' என்று டைப் கொடுத்திருந்தாய், விண்டோஸில் சி மொழியின் லாங் இன்னும் 32 பிட்தான். இன்டெக்ஸ் டைப்பை வெளிப்படையாக 64 என்று எழுதினால் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கை வைத்தவர் உன் அல்காரிதம் தெரியாதவர். டெஸ்ட் பச்சை காட்டினால் போதும் என்றுதான் அவரால் திருத்த முடியும். டெஸ்ட் தொடாத இடத்தில் விடை மாறியிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த மாட்யூலை நம்பி ஒருவர் பேப்பர் எழுதிவிடுவார். அதுதான் என் பயம்.

இதை எழுதும்போது அந்த ராத்திரி நாம் பேசிய கால்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. சினாப்ஸிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) கொடுக்கச் சில வாரங்களே இருந்தன. உன் லேப்டாப்பில் மாடுலாரிட்டி (சமூகங்கள் எவ்வளவு நன்றாகப் பிரிந்தன என்ற அளவு) எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே எண். சிஐயில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வரில்) மூன்றாவது தசமத்தில் ஆடியது. சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) இரண்டிலும் 42. நீ ஸ்கிரீனை ஷேர் செய்துகொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டாய்: "அண்ணா, அப்போ எந்த நம்பர் சரி?"

காரணம் சீட்டில் இல்லை, செட்டில் (வரிசை இல்லாத தொகுப்பில்) இருந்தது. பக்கத்து நோடுகளை செட்டில் போட்டு அதன்மேலேயே லூப் ஓட்டியிருந்தாய். பைத்தான் 3.3 முதல் ஸ்ட்ரிங்குகளின் ஹேஷ் (எழுத்துகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும்போதும் மாறும், அதனால் செட்டின் வரிசையும் மாறும். இன்டிஜருக்கு அந்த மாற்றம் கிடையாது. டெஸ்டில் நீ வைத்திருந்த கிராஃபில் நோடுகள் 0, 1, 2 என்று எண்கள், அதனால் அது எப்போதும் பாஸ். தீசிஸ் டேட்டாவில் நோடுகள் ஆசிரியர் பெயர்கள். உன் லேப்டாப்பில் எப்போதோ பாஷ் ஃபைலில் 'பைத்தான்ஹேஷ்சீட்' பூஜ்யம் என்று, அதாவது ஹேஷ் மாறவே கூடாது என்று, போட்டு வைத்திருந்தது இத்தனையையும் மறைத்துவிட்டது. உன்னுடையது போன்ற லூவேன் வகை (நோடு நோடாக நகர்த்திச் சமூகம் தேடும்) முறைகளில் எந்த நோடை முதலில் தொடுகிறோம் என்பதே சமூகங்களை மாற்றும். செட்டை எடுத்துவிட்டு டிக்‌ஷனரி போட்டதும் (3.7 முதல் அது போட்ட வரிசையைக் காக்கும்) ஆட்டம் நின்றது.

ஆனால் நீ கேட்டதற்கு அது பதில் இல்லை. இரண்டு நம்பரும் சரிதான். ஒரே ஓட்டத்தின் நம்பரை அட்டவணையில் போடுவதுதான் பொருந்தாது. முப்பது சீட்களிலாவது ஓட்டி, சராசரியையும் பரவலையும் சேர்த்துப் போட வேண்டும். நீ நாலாவது அத்தியாயத்தின் எல்லா அட்டவணையையும் மறுபடி ஓட்டினாய். சினாப்ஸிஸ் தள்ளிப்போனது. அதற்காக உன்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று பலமுறை தோன்றியிருக்கிறது. தோன்றும்போதே இன்னொன்றும் தோன்றும்: ஒரே ஓட்டத்தின் நம்பர் போதுமா என்று நான் ரிவ்யூவில் கேட்காமல் விட்டிருந்தால் வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்டிருப்பார். வருத்தம்தான், ஆனாலும் இன்று அதே புல் ரிக்வெஸ்ட் (கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்தால் அதே இடத்தில்தான் நிறுத்துவேன்.

எல்எல்விஎம்மும் (கம்பைலர்களுக்கான அடித்தளம்) தீசிஸ்தானே, செஃபும் (பல சர்வர்களில் டேட்டாவைச் சேமிக்கும் மென்பொருள்) தீசிஸ்தானே என்று உன்னிடம் சொன்னவர்கள் பாதிக் கதையைத்தான் சொன்னார்கள். கிறிஸ் லாட்னர் 2002இல் இல்லினாயில் முதுகலை தீசிஸ் கொடுத்தார், 2005இல் ஆப்பிள் அவரைச் சேர்த்துக்கொண்டது, அங்கும் எல்எல்விஎம்தான் வேலை. சேஜ் வைல் 2007இல் சான்டா குரூஸில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் செஃபை விடவில்லை. எழுதியவரே கூட இருந்தார், அவருக்கு யாரோ சம்பளம் கொடுத்தார்கள். உனக்கு யாரும் கொடுக்கவில்லை. எங்களுக்கும்தான் யாரும் கொடுக்கவில்லை, தம்பி. வேலை, வீடு, அப்பாவின் உடம்பு, எல்லாம் தெரியும். "இனிமேல் என்னால் பார்க்க முடியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? கிட்ஹப்பில் பிரச்சினையைப் பதிவு செய்யும் இஷ்யூ ஒவ்வொன்றிலும் உன் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுப் பயனர்கள் காத்திருந்தார்கள். அந்த ஒரு வரி வந்திருந்தால் அப்போதே வேறு ஆளைத் தேடியிருப்போம்.

இப்போது வருகிறவர்களிடம் நான் சொல்வது இது. புது அல்காரிதத்தை லைப்ரரிக்குள் கொண்டுவராதீர்கள், லைப்ரரியைப் பயன்படுத்தும் தனி பேக்கேஜாக வையுங்கள். ஒரு முறை வெளியாகி மூன்று வருடம், இருநூறு மேற்கோள், பரவலான பயன்பாடு இருந்தால்தான் சைகிட்-லேர்ன் (பைத்தானின் பிரபலமான மெஷின் லேர்னிங் லைப்ரரி) அதை உள்ளே சேர்ப்பதைப் பரிசீலிக்கும். அதைத் திமிர் என்று நீ சொன்னாய். இல்லை, பராமரிக்கிறவரின் பயம் அது. உள்ளே அனுப்ப வேண்டியது தீசிஸுக்காகத் தற்செயலாகச் செய்த பொதுவான வேலை: பக் திருத்தம், ஃபைல் ரீடர், டெஸ்ட். ஒவ்வொன்றும் ஒரே உட்காரலில் ரிவ்யூ செய்யக்கூடிய அளவில் இருக்கட்டும். கோடு யாருடையது என்று பல்கலைக்கழகத்திடம் முதல் கமிட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஜிபிஎல் உரிமத்தில் (அதிலிருந்து எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்) உள்ள ஆர் மொழி பேக்கேஜை வரிக்கு வரி பைத்தானுக்கு மாற்றி, தளர்வான பிஎஸ்டி உரிமத்தில் உள்ள லைப்ரரிக்குள் போட முடியாது. அந்த முறையின் ஆய்வுப் பேப்பரைப் படித்து நீங்களே எழுதுங்கள். டாக்குமென்டேஷனுக்கு எழுதியதை அப்படியே தீசிஸில் ஒட்டாதீர்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியில் ஒப்புமை பத்து சதவீதம் தாண்டினால் தீசிஸைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டிவரும், உங்கள் சொந்த வரிகளும் அந்தக் கணக்கில் வந்து நிற்கும்.

உன் எட்ஜ் லிஸ்ட் ரீடர் (நோடுகளின் இணைப்புப் பட்டியலைப் படிக்கும் கோடு) எங்கும் போகவில்லை, லைப்ரரியிலேயே இருக்கும். பெரிய ஃபைலைத் துண்டு துண்டாகப் படித்து, பெயர்களை எண்களாக்கி, மெமரி நிரம்பாமல் கொண்டுவரும் அந்தக் கோடு. தீசிஸில் அதற்கு நீ அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. இந்த லைப்ரரியில் எனக்கு ரொம்பப் பிடித்த கோடுகளில் அது ஒன்று, நேரில் சொன்னதே இல்லை.

மாட்யூலைத் தனி பேக்கேஜாக எடுத்துக்கொள்ள நினைத்தால் இப்போதே எடு. புதிதாக ஒரு குளோன் எடுத்து, 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவியில் உன் ஃபோல்டரின் பாதையை (path) மட்டும் கொடு. உன் பெயர், தேதி, கமிட் செய்தி எல்லாம் அப்படியே வரும். ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணான ஹேஷ் மட்டும் மாறும், அதனால் தீசிஸின் அடிக்குறிப்பில் உள்ள ஹேஷ் புது ரெப்போவில் கிடைக்காது. கவலைப்படாதே, நாலாவது அத்தியாயத்துக்கு நீ போட்ட டேகை (அந்த நிலையைக் குறிக்கும் பெயர்) நாங்கள் அழிக்கமாட்டோம், ஜெனோடோ ஆய்வுக் காப்பகத்தில் உள்ள பிரதிக்கும் டிஓஐ (நிரந்தர அடையாள எண்) இருக்கிறது. பில்டு ஃபைலை நான் எழுதித் தருகிறேன். எடுக்க விருப்பம் இல்லை என்றால் அதையும் இஷ்யூவிலேயே ஒரு வரி எழுதிவிடு. எனக்குத் தனியாக மெயில் அனுப்பாதே, காத்திருந்தவர்களும் படிக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்