கதிர் அரிவாளும் சுத்தியலும்: குடியாத்தத்துத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உனக்கும் உன் நண்பனுக்கும் நடந்த வாக்குவாதத்தை எழுதி அனுப்பியிருந்தாய். "கம்யூனிஸ்ட் வந்தா உங்கப்பாவோட ரெண்டு ஏக்கரும் சர்க்காருக்குப் போயிடும்" என்கிறான் அவன். "கம்யூனிஸ்ட் நாட்டுல எவனும் பட்டினி கெடந்ததில்ல" என்கிறாய் நீ. இரண்டுமே தவறு. முதன்முதலாக ஓட்டுப் போடப் போகிற இரண்டு பிள்ளைகள் தவறான தகவலுக்காகப் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நிலம். தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் 1961ல் வந்தது. அப்போது காமராஜரின் காங்கிரஸ் ஆட்சி. ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்தார்கள். 1970ல் தி.மு.க. ஆட்சி அதை 15 ஆகக் குறைத்தது. இந்த ஸ்டாண்டர்டு ஏக்கர் நிலத் தீர்வையை வைத்துப் போடுகிற கணக்கு. நம் பக்கத்து மானாவாரிப் புஞ்சையாக இருந்தால் உண்மைப் பரப்பு அதைவிட அதிகமாகவே வரும். ஆக, நிலத்துக்கு வரம்பு கட்டிய இரண்டு ஆட்சிகளுமே கம்யூனிஸ்ட் ஆட்சி இல்லை. உங்கள் அப்பாவின் இரண்டு ஏக்கர் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது.

கம்யூனிஸ்டுகளே ஆண்ட கேரளத்தைப் பார். 1957ல் ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தார்கள். சட்டசபையில் பெரும்பான்மை இருந்தும் 1959 ஜூலை 31ல் அரசியல் சாசனத்தின் 356வது பிரிவை வைத்து மத்திய அரசு அவர்களைக் கலைத்தது. பிறகு அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது, 1970 ஜனவரி 1 முதல், குத்தகை முறையே அங்கே ஒழிந்தது. நிலம் சர்க்காருக்குப் போகவில்லை. உழுத குத்தகைதாரர் பெயருக்கே போனது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. குறையும் உண்டு. தோட்ட முதலாளிகளுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். வயலில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் பல அந்த 10 சென்டோடு நின்றுவிட்டன, வயல் கைக்கு வரவில்லை. கேரளத்தைக் குறை சொல்ல வேண்டுமானால் உன் நண்பன் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவன் பயத்துக்கு வேர் இல்லாமலும் இல்லை. 1848ல் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில் பத்துக் கோரிக்கைகள் இருக்கின்றன. முதலாவதே நிலத்தில் தனியுடைமை ஒழிப்பு. அதே பட்டியலில் வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறுகிற வரி இருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வி, ஆலைகளில் குழந்தை உழைப்பு ஒழிப்பு ஆகியவையும் இருக்கின்றன. தீப்பெட்டியும் பீடியும் பிழைப்பாக இருக்கும் ஊர்க்காரனுக்குக் கடைசி இரண்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உன் பக்கம். சோவியத் நாட்டில் 1932-33ல் பல லட்சக்கணக்கிலும் சீனாவில் 1959-61ல் கோடிக்கணக்கிலும் மக்கள் பசியால் செத்தார்கள். வானம் பொய்த்தது மட்டும் காரணம் இல்லை. நிலத்தைக் கட்டாயமாகக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்தார்கள். சீனாவில் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி மேலே கணக்கு அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்குப்படி கொள்முதல் நடந்ததால் கிராமத்தில் சாப்பிட மிச்சம் இல்லாமல் போனது. உண்மையைச் சொன்ன அதிகாரிக்குத் தண்டனை. எதிர்க்கட்சி இல்லை, சுதந்திரமான பத்திரிகை இல்லை. இதை மறைத்துவிட்டு நீ வாதம் செய்யாதே. அதோடு மேற்கு வங்கத்தையும் சேர்த்துப் படி: 1978ல் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்து பாதுகாத்த அதே கம்யூனிஸ்ட் தலைமையிலான இடது முன்னணி ஆட்சியில்தான், 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் நிலம் தர மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தார்கள். 2011ல் மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள், அவர்களும் இறங்கினார்கள். ஒரு கட்சி மட்டுமே இருக்கிற நாட்டில் இப்படி இறக்க வழி இல்லை. அந்த வித்தியாசம் பெரிது.

கதிர் அரிவாள் சின்னத்தில் நின்றவரை உன் நண்பன் நக்சல் என்று சொன்னதும் தவறு. கதிர் அரிவாள் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியான சி.பி.ஐ.யின் சின்னம். 1964ல் அதிலிருந்து பிரிந்த மார்க்சிஸ்ட் கட்சியான சி.பி.எம்.முக்குச் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம். நக்சல்பாரி வழியில், அதாவது ஆயுதப் போராட்ட வழியில், போனவர்கள் 1969ல் தனிக் கட்சி கண்டவர்கள்; தேர்தலே வேண்டாம் என்றவர்கள். 1980 வாக்கில் திருப்பத்தூர்ப் பக்கம் போலீஸ் வேட்டை நடந்தது அந்த வழியில் போனவர்கள் மேல்தான். பழைய வடாற்காட்டில் இந்தக் குழப்பம் இன்னும் தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் தொகுதிக் கதையையே எடுத்துக்கொள். 1954ல் முதல்வரான காமராஜர் இடைத்தேர்தலில் ஜெயித்தது குடியாத்தத்தில். 2006ல் அங்கே சி.பி.எம். ஜெயித்தது, தி.மு.க. அணியில் நின்று. 2011ல் சி.பி.ஐ. ஜெயித்தது, அ.தி.மு.க. அணியில் நின்று. இரண்டு கட்சியும் 2016ல் பெரிய கட்சிகளை விட்டு மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோது மாநிலம் முழுவதிலும் ஒரு இடம்கூட வரவில்லை. உன் நண்பன் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. 2019 தேர்தல் செலவுக் கணக்கில் தி.மு.க., சி.பி.ஐ.க்கு 15 கோடியும் சி.பி.எம்.முக்கு 10 கோடியும் கொடுத்ததாகத் தேர்தல் ஆணையத்தில் காட்டியது. கூட்டணிச் செலவு என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பணம் வாங்கிய இடத்தில் எதிர்த்துப் பேச முடியுமா என்று ஓட்டுப் போடுகிறவன் கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஒரு சம்பவமும் உண்டு. தி.மு.க. ஆட்சியில், 2023 ஏப்ரல் 21ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. அன்று 234 பேர் சபையில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் சேர்த்து நாலே உறுப்பினர்கள். அவர்களும் மற்ற கூட்டணிக் கட்சிகளும் வெளிநடப்புச் செய்தார்கள், தொழிற்சங்கங்கள் வெளியே நெருக்கின. 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். பணக் கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

இன்னொன்று, தம்பி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, 1989 முதல், பதிவு செய்கிற ஒவ்வொரு கட்சியும் சோசலிசத்துக்கும் மதச்சார்பின்மைக்கும் ஜனநாயகத்துக்கும் விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். உன் நண்பன் கொடி பிடிக்கிற கட்சியும் இதற்குள்தான் வருகிறது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கொள்கை பேசினால் கொள்கைதான் பதிலாக வரும். பீடியைப் பற்றிக் கேள். ஆயிரம் பீடிக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவிப்பது மாநில அரசு, அது எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது. பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் பிள்ளைகள் படிப்பு உதவிக்கும் பணம் தந்த வரி 1976 சட்டத்தில் வந்தது, 2017ல் ஜி.எஸ்.டி.யோடு எடுத்துவிட்டார்கள். அதை எம்.பி.யிடம் கேள். அவருடைய கட்சிக்காரர்கள் அன்று அவையில் என்ன பேசினார்கள் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கும். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு எல்லாம் படிவம் 26ல் இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்தில் தொகுதி பெயர் போட்டால் வரும். கையெழுத்தில் நிரப்பியிருந்தால் படிக்கச் சிரமம், பொறுமையாகப் பார். 2019ல் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5ல் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அதனால் சொத்துப் பக்கத்தை விட்டுவிடாதே.

அவர்கள் ஓட்டுக் கேட்டு வருவதற்கு முன்னால் உன் அம்மாவின் கூலிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள். அரசு குறித்த கூலி எவ்வளவு, ஏஜென்ட் கொடுப்பது எவ்வளவு, பீடி இலை குறைத்துக் கொடுத்ததால் கடையில் வாங்கியது எவ்வளவு, கழித்துப் போட்ட பீடி எத்தனை, பி.எஃப். பிடித்தார்களா என்று ஒரு தாளில் எழுதி, வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் அதே தாளைக் காட்டு. உன் நண்பன் வீட்டிலும் பீடி சுற்றுகிறார்கள் என்றுதானே சொன்னாய்? அவனையும் ஒரு தாள் எழுதச் சொல்.

அன்புடன்,
அண்ணன்