பன்னில் ஓட்டை போட்டால் பேகல் ஆகாது: புதுச்சேரி அடுமனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் உழவர்கரையிலும் அரியாங்குப்பத்திலும் அடுமனை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே விடியும் முன்பே எழுந்து மாவு பிசையும் ரொட்டி மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் முத்தியால்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருப்பவன். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா என்பதால், எங்கள் வீட்டில் காலை இட்லிக்கு இருந்த மரியாதை மாலை ரொட்டிக்கும் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ரொட்டி எங்கும் போகவில்லை. நீள ரொட்டியின் மேலோட்டைத் தட்டிப் பார்த்தே அது காலையில் சுட்டதா, நேற்றையதா என்று சொல்லிவிடும் கிழவிகளை நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில், வெந்நீரில் போட்டெடுத்துச் சுடும் வளைய ரொட்டியான பேகல் மட்டும் ஏன் இவ்வளவு பரிதாபமாக இருக்கிறது, நடுக்குழியில் வெங்காயம் வைத்துச் சுடும் பியாலி என்ற ரொட்டியின் பெயரையே ஏன் யாரும் கேள்விப்பட்டதில்லை என்று உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதம் கடற்கரைக்கு அருகில் ஓர் உணவகத்தில், பெயர் இங்கே வேண்டாம், பட்டியலில் பேகல் என்று எழுதியிருந்ததைக் கண்டு ஆசையோடு கேட்டு வாங்கினேன். வந்தது எள் தூவிய பால் பன்; நடுவில் ஓர் ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் உள்ளே போனது, கடித்தால் இனித்தது. பரிமாறிய தம்பியிடம், இதைச் சுடுவதற்கு முன் வெந்நீரில் போட்டு எடுத்தீர்களா என்று கேட்டதற்கு, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரொட்டி மாவைத் தண்ணீரில் வேகவைப்பது நம் காதுக்கு விநோதமாகத்தான் ஒலிக்கும். ஆனால் அந்த வெந்நீர் இல்லையேல் பேகல் இல்லை.

இதை நான் அறிந்துகொண்டது, கனடாவின் மோன்ட்ரியாலில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் அடைந்து கிடந்தபோதுதான். அங்கே மைல் எண்ட் பகுதியில், சேன் வியாத்தர் தெருவிலும் ஃபேர்மவுண்ட் தெருவிலும் பழைய பேகல் கடைகள் இரண்டு இருக்கின்றன. மாவைக் கையால் உருட்டி வளையமாக்கி, தேன் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, எள்ளில் புரட்டி, நீண்ட பலகையில் வரிசையாக அடுக்கி விறகடுப்புக்குள் தள்ளுவதை வாடிக்கையாளர் நின்று பார்க்கலாம். மூக்குக்கண்ணாடியில் ஆவி படியப் படியத் துடைத்துக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன். கொதிநீரில் பக்கத்துக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கிடக்கும் நேரத்தில், மாவின் மேற்புறத்து மாவுச்சத்து வெந்து கூழாகி, தோல்போல் இறுகிக்கொள்கிறது. அடுப்பின் சூட்டில் உள்மாவு பொங்க முயலும்போது அந்தத் தோல் அதை ஓர் அளவுக்கு மேல் விடுவதில்லை. உள்ளே அடர்த்தி, வெளியே பளபளப்பு, கடிக்கும்போது பல்லோடு சற்று மல்லுக்கட்டும் குணம் ஆகிய மூன்றும் அதனால் வருபவை.

பேகல் போலந்து நாட்டு யூதர்களின் பண்டம். கிராக்கூவ் நகர யூதச் சமூகம் 1610இல் வகுத்த விதிகளில், பிள்ளைப்பேற்றை ஒட்டிய வழக்கங்களைச் சொல்லும் இடத்தில், அதன் பெயர் வருகிறது. அங்கிருந்து குடிபெயர்ந்தோரோடு அது நியூயார்க்குக்குப் போனது. அங்கே பேகல் சுடுவோருக்கென்றே 338ஆம் எண் தொழிற்சங்கம் ஒன்று இருந்தது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு: இருவர் மாவை உருட்டுவார்கள், ஒருவர் வெந்நீர்க் கொப்பரையைக் கவனிப்பார், இன்னொருவர் அடுப்பில் நிற்பார். 1960களில் உருட்டும் இயந்திரம் வந்ததும் கைவேலைக்கு மதிப்புக் குறைந்தது. இயந்திரத்துக்கு ஏற்ப மாவு இளகியது. பல இடங்களில் கொப்பரைக்குப் பதிலாக நீராவி அடுப்பு வந்து, பேகல் ஊதிப்போன பன்னாக மாறியது. ஆகவே இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதென்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலேயே நடுத்தர நகரங்களில் நல்ல பேகல் தேடி அலைவோர் உண்டு.

மைதாவைப் பற்றி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும், அது நியாயமானதும்கூட. நல்ல பேகலுக்கு 13, 14 விழுக்காடு புரதம் உள்ள மாவு வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மைதாவில் பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆனால் குளூட்டன் எனப்படும் கோதுமைப் பசையத் தூள் இப்போது பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. 960 கிராம் மைதாவோடு 40 கிராம் பசையத் தூளைக் கலந்தால் புரதம் 12 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நீரைக் குறையுங்கள்: ஒரு கிலோ மாவுக்கு 550 மில்லிக்கு மேல் வேண்டாம். பரோட்டா மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்தக் கெட்டி மாவு முதலில் எரிச்சலூட்டும். பிசைந்த மாவை நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுவதும் வெளியே விட்டால் விடிவதற்குள் புளித்துத் தளர்ந்துவிடும் என்பதால், உருட்டிய வளையங்களைக் கேக் கிரீமுக்குப் பக்கத்திலேயே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மெல்லப் புளிக்கும், சுவையும் ஏறும். கொதிநீரில் கலக்க நியூயார்க்கில் பார்லி மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு வைத்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் தேன் போதும். மோன்ட்ரியாலே தேனில்தான் ஓடுகிறது.

இனி பியாலி. இம்மடலை எழுதத் தூண்டியதே உண்மையில் அதுதான், ஏனென்றால் அதற்கு வேண்டியவை அத்தனையும் குபேர் அங்காடியில் அரை மணி நேரத்தில் வாங்கிவிடக் கூடியவை. போலந்தின் பியாவிஸ்டாக் நகரத்து யூதர்கள் சுட்ட ரொட்டி என்பதால் அப்பெயர். அந்நகரத்து யூதர்கள் இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே நியூயார்க் போய்ச் சேர்ந்தவர்களின் கையில்தான் அந்த ரொட்டி பிழைத்துக் கிடந்தது. நியூயார்க் கிராண்ட் தெருவில், 1936இல் தொடங்கிய கோசர்ஸ் என்ற கடையில் இன்றும் சுடுகிறார்கள். மகளோடு பேருந்தில் அங்கே போனபோது, கையில் சூடாகக் கொடுத்த அந்தத் தட்டை ரொட்டியின் நடுக்குழியைப் பார்த்ததும், இது நம் வீட்டுப் பண்டம் அல்லவா என்று நினைத்தேன். குழிக்குள் இருந்தவை வதங்கிய வெங்காயமும் கசகசாவும்.

பியாலியை வேகவைக்க வேண்டாம். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கும் போதும். எண்ணெய், சர்க்கரை, முட்டை எதுவும் கூடாது. உப்பிய உருண்டையின் நடுவை விரல்களால் அழுத்தி, அடி கிழியாமல் காகிதம்போல் மெலிதாக்கி, ஓரத்தைத் தடிப்பாக விட்டு, குழியில் வெங்காயத்தை வைத்து, அடுப்பின் மிகக் கடுமையான சூட்டில் பத்து நிமிடம் போலச் சுட்டு எடுக்கிறார்கள். அங்கே பெரிய வெங்காயம் போடுகிறார்கள். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சற்றே வதக்கி வைத்தால் அது அவர்களுடையதைவிட ஒரு படி மேலாக இருக்கும் என்பது என் கணிப்பு. கிராண்ட் தெருக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கசகசா விலை அதிகம் என்பதை அறிவேன். ஆனால் ஒரு பியாலிக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் செலவாகாது. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்க்கும் ஆசை உங்களுக்கு நிச்சயம் வரும். சேருங்கள், ஆனால் அதற்கு வெங்காயக் குழி ரொட்டி என்று வேறு பெயர் எழுதிவையுங்கள்.

ஒரே சிக்கல், பியாலி சில மணி நேரத்திலேயே விறைத்துப்போகும் என்பதுதான். மாலை வரை கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்து விற்க முடியாது என்பதால், வாரத்தில் ஒரு நாள், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சுடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்து திரும்புவோர் ரொட்டி வாங்கும் நேரம் அதற்குப் பொருத்தமானது. மேலே தடவும் கிரீம் சீஸ் பற்றி நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, வெண்ணெய் போதும்.

எங்கள் தெருவில் ஒன்பது வீடுகளில் கேட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் பேகல் முப்பதும் பியாலி இருபதும் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பணம் முன்கூட்டியே தரவும் தயாராக இருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் கருகி வந்தாலும், கோணல்மாணலாக வந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வோம். பால் பன்னில் ஓட்டை போட்டு வந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்