கோடு போட்டு இங்கிலிஷ் படிக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்,

தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலை தோட்டத்துல சாயங்காலத்துல ஓ லெவல் புள்ளைங்களுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்குறேன். உங்க மாணவர் பக்கத்த வெட்டி கொப்பியில ஒட்டி வைக்கிற புள்ளைங்க இவங்க, அதனாலதான் இத உங்களுக்கு எழுதுறேன்.

"மை ஃபாதர் டிரைவர்"னு எழுதுவாங்க. தமிழ்ல "எங்கப்பா டிரைவர்"னா அதுவே முழு வாக்கியம், அப்போ அந்த "இஸ்" எதுக்குன்னு புள்ளைக்கு எப்பிடி விளங்கும்? வருஷக்கணக்கா சிவப்பு பேனாவால திருத்தியும் மறுநாள் அதே பிழைதான்.

அமெரிக்காவுல புரூக்லின்ல ரீட், கெலாக்னு ரெண்டு வாத்தியாருங்க 1877ல புத்தகமா போட்ட முறை ஒன்னு இருக்கு, வாக்கியத்த படமா வரையிறது. அடிமட்டத்தால ஒரு படுக்கை கோடு போட்டு, நடுவுல அத வெட்டிக்கிட்டு கீழ இறங்குற மாதிரி ஒரு நேர்கோடு, இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. செயப்படுபொருள் வந்தா அதுக்கு முன்னால ஒரு சின்ன கோடு, அது படுக்கை கோட்டோட நின்னுடும். இதுங்கள விவரிக்கிற சொல்லெல்லாம் கீழ சாய்வு கோட்டுல தொங்கும். இப்ப "மை ஃபாதர் டிரைவர்"னு வரைய சொன்னா நேர்கோட்டுக்கு அடுத்த எடம் காலியா கெடக்கும், நான் ஒன்னும் சொல்ல தேவையில்ல, புள்ளையே "இஸ்" போட்டுடுது, அப்பறம் டிரைவருக்கு முன்னால வர்ற "எ"யையும் கேக்குது.

"தி லீவ்ஸ் இன் தி பாஸ்கட் இஸ் வெட்"னு எழுதுறதும் அப்பிடித்தான். பாஸ்கட் பக்கத்துல இருக்குறதால இஸ்னு போட்டுடுறாங்க. வரைஞ்சா "இன் தி பாஸ்கட்" கீழ எறங்கிடும், மேல லீவ்ஸும் வினையும் ஒட்டிக்கிட்டு நிக்கும், "ஆர்"தான் வரணும்னு கண்ணுக்கே தெரியும். கொழுந்து கூடைய தெனம் பாக்குற புள்ளைங்க, இந்த வாக்கியத்த சட்டுனு புடிச்சிக்கிட்டாங்க.

பேச்சு இங்கிலிஷுக்கு இது ஒதவாது. கேள்வி வாக்கியத்துல சொல்லு எந்த வரிசையில வரணும்ங்கிறதையும் படம் காட்டாது, அத தனியாதான் பழக்கணும். ஆனா எழுத்துல வாக்கியம் ஒடைஞ்சி போற புள்ளைக்கு இத விட லேசான வழி நான் பாக்கல, செலவுன்னு பாத்தா ஒரு பென்சிலும் அடிமட்டமும்தான்.

உங்க மாணவர் பக்கத்துல வாரம் ஒரு வாக்கியத்த இப்பிடி படமா போடுங்க. மொத வாரம் "மை மதர் ப்ளக்ஸ் டீ லீவ்ஸ்" போட்டீங்கன்னா எங்க புள்ளைங்க ரொம்ப சந்தோசப்படுவாங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
தலவாக்கலை