ஃபார்மேட் போடும் முன் கோப்புகளை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் உள்ள மடிக்கணினி துவங்காமல் நின்றுவிட்டால், கடையில் முதலில் கேட்கும் வார்த்தை "ஃபார்மேட் போட்டுடலாம்", அதாவது வட்டைத் துடைத்துப் புதிதாக்கிவிடலாம் என்பது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸ் வகையும் இருந்ததால், இது பல வீடுகளுக்குப் பொருந்தும் விஷயம். துவங்காத கணினியில் பெரும்பாலும் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்.

கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால் பழுது துவக்கியில், அதாவது இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலில். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்தால் கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பில்) பிழை, அல்லது வட்டே தென்படவில்லை. பாஸ்வேர்டு கொடுத்தும் அதே திரைக்குத் திரும்பினால் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து கொஞ்சம் இடம் காலி செய்தாலே சரியாகிவிடலாம்.

மற்றபடி 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும், கோப்புகளை வாங்கிக்கொள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வேண்டும். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். அதைச் செருகி, கணினியைப் போட்டதும் பூட் மெனு விசையைத் தட்டி, பென்டிரைவிலிருந்து துவங்கச் சொல்ல வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. மின்ட் திரை வந்ததும் 'இன்ஸ்டால்' ஐகான் ஒன்று தெரியும். அதைத் தொடவே கூடாது.

கணினிக்குள் இருக்கும் பழைய வட்டைத் திறந்து ஹோம் ஃபோல்டருக்குள் போனால் அனுமதி இல்லை என்று தடுக்கலாம். அது பழைய பயனருக்குச் சொந்தமானது, அவ்வளவுதான். ரைட் கிளிக் செய்து, முழு அதிகாரத்துடன் திறக்கும் 'ஓப்பன் ஆஸ் ரூட்' கொடுங்கள். கன்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களும் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள் அவற்றில்தான் இருக்கும். வட்டு என்கிரிப்ட் செய்யப்பட்டு (ரகசியக் குறியீடாகப் பூட்டப்பட்டு) இருந்தால் அதன் பாஸ்வேர்டு இல்லாமல் எதையும் படிக்க முடியாது.

வெளி வட்டின் கோப்பு முறைமை ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. கல்யாண வீடியோக்கள் விடுபடுவது இங்கேதான். எக்ஸ்ஃபேட் என்ற வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி உள்ள கோப்புகளை அதுவும் ஏற்காது. பெயரை மாற்றி நகலெடுக்க வேண்டும்.

வட்டு 'டக் டக்' என்று சத்தம் போட்டாலோ நகலெடுப்பு அடிக்கடி திணறினாலோ உடனே நிறுத்துங்கள். கோப்பு முறைமையைச் சரிசெய்யும் எஃப்எஸ்செக் கட்டளையை ஓட்டக் கூடாது. அது சாகக் கிடக்கும் வட்டின் மேலேயே எழுதும். டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு, பழுதான வட்டைவிடப் பெரிய வட்டுக்கு முழுப் பிரதி எடுப்பதே முறை. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்துக்கொள்ளும் மேப் கோப்பு வைத்திருந்தால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கழற்றிய வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கக்கூடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உள்ள வட்டை விண்டோஸ் தானாகப் படிக்காததால் வரும் கேள்வி அது. கேன்சல் கொடுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தபின்னும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் மூலம் படங்களை, பெயரில்லாமலாவது, ஓரளவு மீட்கலாம். சுழலும் தட்டு இல்லாத புதுவகை வட்டான எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை; ஃபார்மேட் செய்யும்போதே 'இந்த இடமெல்லாம் காலி' என்று வட்டுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது.

எனவே பழுதுக்கு வாங்கும்போதே 'உள்ளே இருப்பவை வேண்டுமா?' என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைச் சர்வீஸ் கடைகள் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் வாசகர்,
திண்டுக்கல்