ராபின் யார் என்ற கேள்வி

அன்புள்ள குமாருக்கு,

இங்கு அனைவரும் நலம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்து முடிந்து உனக்கும் ஓய்வு கிடைத்திருக்கும் என நம்புகிறேன். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

உடனே எழுதத் தூண்டியது அக்கா மகள்தான். என் பேட்மேன் படக்கதை இதழ் ஒன்றைப் புரட்டியவள், நான்காம் பக்கத்தில் பேட்மேனின் துணைவன்மேல் விரலை வைத்து, இந்த ராபின் யார், முன்பு வேறு பையன் அல்லவா இருந்தான் என்று கேட்டாள். ராபின் வேடமிட்டவர்களை டிக், ஜேசன், டிம், டேமியன் என்று அடுக்கிய நான், ஜேசன் செத்துப் பிழைத்த இடத்துக்கு வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

இந்த நாயகர்களின் பழைய கதைகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீ பழைய பாட்டையே பாடுவாய். பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் அதையும் செய்து பார்த்ததே! 2011 செப்டம்பரில் 52 தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார்கள். ஆனால் சூப்பர்மேனின் பழைய வாழ்க்கையைத் துடைத்தவர்கள் பேட்மேனுடையதில் பெரும்பகுதியை விட்டுவைத்ததால், நாயகர்கள் தோன்றி ஐந்தே ஆண்டுகளான உலகில் ராபின் வேடத்துக்கு டிக், ஜேசன், டேமியன் என ஆள் மாறிக்கொண்டே இருந்தது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனம், பழையதைத் தொடாமல், 2000இல் அல்டிமேட் ஸ்பைடர்மேனைத் தனி உலகில் தொடங்கியது. 1962இல் 11 பக்கங்களில் முடிந்த, ஸ்பைடர்மேன் உருவான கதை அங்கே ஏழு இதழ்களுக்கு விரிந்தது. அருமையான நுழைவாயில்தான், ஆனாலும் அதற்கும் தனிப் புராணம் சேர்ந்து, 2015இல் அந்த உலகையே முடித்து வைத்தார்கள்.

வரலாறு நீளமாக இருப்பது தடையே அல்ல, குமார். மேச்சேரிப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தோமே, பாரதம் முழுவதும் தெரிந்துகொண்டா வந்து உட்கார்ந்தோம்? திரைக்குப் பின்னால் நிற்பவனைக் கட்டியக்காரன் யார் என்று கேட்பான், அவனும் தன் குலம், ஊர், வந்த காரியம் எல்லாம் பாடிவிட்டுத்தான் வெளியே வருவான். நூறு முறை பார்த்த கிழவிக்கும் அது சலிக்காது. மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீ காலத்து இதழ்களில் கட்டத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, இது எந்த இதழில் நடந்தது என்று ஒரு வரி எழுதுவார்களே, அதுவும் இந்த வேலையைத்தான் செய்தது. இன்று பல இதழ்கள் அந்த ஒரு வரியைக்கூடத் தருவதில்லை.

அழிப்பதால் நமக்கு நேரும் இழப்பையும் எண்ணிப் பார். 1987இல் ஸ்பைடர்மேனான பீட்டருக்கும் அவன் காதலி மேரி ஜேனுக்கும் நடந்த திருமணத்தை, மெஃபிஸ்டோ என்ற அரக்கனுடன் ஓர் ஒப்பந்தம் என்று காட்டி, 2007இல் தொடங்கிய கதையில் இல்லாமலே செய்துவிட்டார்கள். அந்த இருவரோடு சேர்ந்து வளர்ந்த வாசகனுக்கு அது இன்னும் ஆறவில்லை, எனக்கும் ஆறவில்லை.

உன் மறுப்பை விரிவாக எழுது. முன்கதை தெரியாமலே படிக்கக்கூடிய தனி இதழ்கள் உன்னிடம் இருந்தால், அடுத்த முறை சேலம் இறங்கும்போது எடுத்து வா.

அன்புடன்,
ரவி