குடும்பிமலைக்கு முதலில் வழிகாட்டிகள் வேண்டும்

கிழக்கு மாகாண சுற்றுலாப் பணியகம், கோறளைப்பற்று தெற்கு பிரதேச செயலகம், வனத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

மட்டக்களப்பு என்றால் வெளியூர்க்காரருக்கு வாவி, பாடும் மீன், பாசிக்குடா. இங்கே மலை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கிரான் சந்தியில் இறங்கி மேற்கே திரும்பி, புலிபாய்ந்தகல் தாண்டி உள்ளே போனால், வயல்வெளி முடிந்து காடு பிடிக்கும் பக்கத்தில் தனியாக நிற்கிறது குடும்பிமலை. உயரம் ஐந்நூறு மீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நுவரெலியாக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் சுற்றிவர நிலம் தட்டை என்பதால் அந்த உயரமே பெரிதாகத் தெரியும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மலையேறிப் பழகியவனுக்கும் கொஞ்சம் யோசனை வரும்.

2007 ஜூலை வரை அந்தப் பக்கம் போர்க்களம். இந்த மலையின் சிங்களப் பெயரான தொப்பிகல செய்திகளில் அடிபட்டதெல்லாம் அப்போதுதான். இப்போது நிலைமை வேறு. மோட்டார் சைக்கிளில் இளைஞர்கள் வருகிறார்கள், கொழும்பிலிருந்து வான் பிடித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். யாராவது ஒரு வீடியோ போட்டால் அடுத்த கிழமையே இன்னும் நாலு கூட்டம். கூடவே யோசனைகளும் வருகின்றன. எல்லவில் இருப்பதுபோல கம்பியில் தொங்கிப் போகும் சிப்லைன் போடலாம், பாறையில் கயிறு கட்டி இறங்க விடலாம், குளத்தில் கயாக் விடலாம், உச்சிவரை படி வெட்டலாம். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த மலையைச் சுற்றி வாழ்கிறவர்களில் ஆட்களைத் தேர்ந்து, பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் கொடுத்து, அவர்கள் இல்லாமல் எவரும் மலைக்குப் போக முடியாது என்று வையுங்கள். சிங்கராஜாவுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அதையே இங்கேயும் செய்யலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடும்பிமலையில் ஆபத்து பாறையில் குறைவு, பாறைக்குப் போகிற வழியில்தான் அதிகம். ஒருமுறை நாங்கள் சிலர் தரவை என்ற இடத்துப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது, மாட்டுப் பட்டி பார்க்கும் ஐயா ஒருவர் எதிரே வந்தார். நாங்கள் போகிற பாதையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தார். "அங்கால போகாதங்க மனே, ஆனை நிக்கிது" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காடு அமைதியாக இருந்தது. அவர் காலடியில் இருந்த பள்ளத்தைக் காட்டினார். ஒரு பெரிய தாம்பாளம் அளவு கால்தடம், அதற்குள் கலங்கிய தண்ணீர், சேறு இன்னும் அடியில் இறங்கவில்லை. பக்கத்தில் வீரை மரக் கிளை ஒன்று ஒடிந்து தொங்கியது, ஒடிந்த இடத்தில் ஈரம் காயவில்லை. "இப்பதான் போயிருக்கு. மறுகா போகலாம், இருங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். நாங்களும் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் போக நினைத்த அதே பக்கத்தில் மரம் முறியும் சத்தம் கேட்டது.

அந்த ஐயாவிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. கூகுள் மெப்பில் அந்தப் பாதை வெறும் கோடு. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் யானை - மனித மோதலில் இறந்திருக்கிறார்கள். செத்தவர்களில் சுற்றுலாப் பயணி குறைவு, விவசாயியும் கூலிக்காரரும்தான் கூட. ஒருவேளை அதனால்தான் இதைச் சுற்றுலாப் பிரச்சினையாக யாரும் பார்ப்பதில்லையோ தெரியாது.

காலநிலையையும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஓகஸ்டில் வருகிறார்கள். ஓகஸ்டில் கச்சான் காற்று. வாயைத் திறந்தால் நாக்கு உலர்ந்துவிடும். கரும்பாறை காலையிலேயே சூடேறி, மதியத்தில் கை வைக்க விடாது. கொண்டுபோன தண்ணீர் ஏறுவதற்குள்ளேயே முடிந்துவிடும், இறங்கும்போதுதான் தலைசுற்றும். இன்னொரு விஷயம், அந்த மாதங்களில் சின்னக் குளங்கள் வற்றி, தண்ணீர் நிற்பது ஒருசில இடங்களில் மட்டும்தான். கூடாரம் அடிக்க வருகிறவர்களுக்கும் அதே குளக்கரைதான் அழகாகத் தெரியும், யானைக்கும் இரவில் போக்கிடம் அதே குளக்கரைதான். ஆகவே ஜூலை தொடக்கம் மழை விழும்வரை குளத்தருகே இரவு தங்கலை முழுதாகத் தடுத்துவிடுங்கள். கயாக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில், முதலை.

ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கினால் கதை தலைகீழ். மாதுறு ஓயா பெருகி, கிரான் - புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். முறுத்தானை, பேரில்லாவெளி, வடமுனை, ஊத்துச்சேனை என்று அந்தப் பக்கத்துச் சனம் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வர வள்ளத்தைப் பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தூக்கி வள்ளத்தில் குறுக்காக வைத்து, அதன்மேல் அரிசி மூட்டையை வைத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருகிற தாய்மாரை ஒவ்வொரு மாரியிலும் பார்க்கலாம். சாகசச் சுற்றுலாவுக்குப் பணம் வருமானால் முதல் ரூபாய் அந்தப் பாலத்துக்கும் வீதிக்கும் போகட்டும். மலைமேல் சிப்லைன் பறக்க, கீழே ஊர்ச்சனம் வள்ளத்துக்குக் காத்து நிற்பது நன்றாக இருக்காது.

நல்ல காலம் என்றால் வெள்ளம் வடிந்து பச்சை இருக்கும் பெப்ரவரி, மார்ச். விடியப்புறம் வெளிக்கிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். கீழே வந்து வெட்டைக்குப் போவதற்குள் பின்னேரம் ஆகக்கூடாது. இதையெல்லாம் அறிவித்தல் பலகையில் எழுதலாம், எழுதவும் வேண்டும், மூன்று மொழியிலும். ஆனால் பலகை கால்தடத்தைப் பார்த்துச் சொல்லாது.

பாறையில் கயிறு கட்டி ஏறுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகியவர்களுக்கு அது நல்ல பாறை. ஆனால் துளைபோட்டு ஆணி அடிக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தையும் கூட்டிக்கொண்டு போய் எந்த முகத்தில் அடிக்கலாம் என்று முடிவெடுங்கள். பாறை இடுக்கில் பெரிய தேனீ கூடு கட்டும் காலத்தில் அந்தப் பக்கம் மூடியே இருக்க வேண்டும். சிகிரியாவில் குளவி கலைந்து எத்தனையோ தடவை ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், அங்கே வைத்தியர் பக்கத்தில். இங்கே பாறை நடுவில் கயிற்றில் தொங்குகிறவனைத் தேனீ கொட்டினால்? 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிக்கலாம், சிக்னல் இருந்தால். அம்புலன்ஸ் சந்திக்கு வரும், சந்திவரை அவனை யார் தூக்கிவருவது? சைக்கிள் ஓட்டமே இந்த இடத்துக்குப் பொருத்தம் என்பது என் தனிப்பட்ட கட்சி. கிரானிலிருந்து வயல் வரம்போரமாக, குளக்கட்டுகள் வழியாக, ஊர்களில் தேத்தண்ணி குடித்துக் குடித்து அடிவாரம் வரை. அப்படிப் போனால் கடைக்காரருக்கும் நாலு காசு.

சரி, வழிகாட்டி விஷயம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று பிரித்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. குடும்பிமலைக்கென்று தல வழிகாட்டிகளுக்கு ஒரு வகுப்பைக் கிரானிலேயே, தமிழிலேயே நடத்துங்கள். பட்டி பார்த்தவர், தேன் எடுத்தவர், விறகுக்குப் போனவர் முன்னுக்கு வரட்டும். பள்ளிக்கூடப் படிப்பு குறைவென்றால் அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோதியுங்கள், யார் பாஸ் என்று அங்கேயே தெரியும். முதலுதவி, பாம்புக்கடிக்கு என்ன செய்யக்கூடாது, வெயில் பிடித்தவனை எப்படிக் குளிர்விப்பது, கொஞ்சம் சிங்களமும் ஆங்கிலமும், இவ்வளவையும் நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். காட்டை அவர்கள் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கட்டணத்தைப் பலகையில் போட்டுவிட்டால் பேரம் பேசும் சங்கடமும் இல்லை. அந்த ஊர்ப் பெண்களையும் சேருங்கள். பெண்கள் மட்டும் வரும் குழுக்கள் இப்போது கூடிவருகின்றன, அவர்கள் முதலில் கேட்பதே கூடவரப் பெண் ஒருவர் இருக்கிறாரா என்றுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த அறிவு யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே இன்று காலூன்ற இடம் குறைந்துகொண்டு போகிறது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். சுற்றுலாத் திட்டம் வந்து, 'சுற்றாடல் வலயம்' என்று வேலி போட்டு, மிச்சமிருக்கும் மாட்டுப் பாதையையும் மறித்தால் அந்த ஐயா போன்றவர்கள் பட்டியை விற்றுவிட்டுக் கிரானில் கூலிக்குப் போவார்கள். பிறகு மலைக்கு யார் வழி காட்டுவது? திட்ட வரைபடம் கீறும்போதே மாட்டுப் பாதைகளையும் தண்ணீர்த் துறைகளையும் அதில் போடுங்கள், போட்டபின் அதைப் பண்ணையாளரிடம் காட்டி ஒப்பம் வாங்குங்கள்.

அனுமதி விஷயத்தையும் ஒரு மேசைக்குக் கொண்டுவாருங்கள். காடு ஒருவர் பொறுப்பு, மிருகம் ஒருவர், பழஞ்சின்னம் ஒருவர், வீதி இன்னொருவர். வருகிறவன் யாரிடம் கேட்பான்? கேட்க முடியாதென்றால் கேட்காமலே போவான், அதுதான் இப்போது நடக்கிறது. பிரதேச செயலகத்தில் ஒரு பதிவுப் புத்தகம் போதும். யார், எத்தனை பேர், எந்த வழிகாட்டி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எழுதட்டும். திரும்பாவிட்டால் தேடத் தொடங்கவாவது ஒரு நேரம் தெரியும்.

இதைப் பேச ஒரு கூட்டம் வைப்பீர்கள் என்று நம்புகிறேன். மட்டக்களப்பு நகரில் வைக்காதீர்கள், கிரானில் வையுங்கள், மாரி தொடங்குமுன். வடமுனை, ஊத்துச்சேனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் நேரம் பார்த்துக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பின்னேரக் கூட்டம் என்றால் அவர்களால் வர முடியாது, இருட்டினால் அந்த வீதியில் ஆனை.

இங்ஙனம்,
வந்தாறுமூலையிலிருந்து மலையேறப் போகும் ஒருவன்